முறை கேட்டுப் பேசும் மலை

கபன்ஜாஹே பேருந்து நிலையத்தை ஒட்டிய காப்பிக் கடைகளில் காலை ஏழு மணிக்கு முன்பே மேசைகள் நிறைந்துவிடுகின்றன. வடக்கு சுமத்ராவின் காரோ மேட்டுநிலம் இது. கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால் விடியற்காலைக் குளிர் நன்றாகவே உறைக்கும். ஆண்கள் சாரத்தை இடுப்பில் கட்டாமல் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வருகிறார்கள். மூலையில் ஒரு சதுரங்கப் பலகை. ஆடுகிறவர்கள் இருவர், சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள் ஆறேழு பேர். கடையை இங்கே ‘கெடே’ என்கிறார்கள். நம்முடைய கடைதான், மலாய் வழியாக மலையேறி வந்திருக்கிறது.

அடுத்த மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். நகக்கண்களில் தோட்டத்து மண். எதிரே காலியாக இருந்த நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து அமர்ந்தார். திகாபினாங்கா பக்கத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரிக்காரர். இருவரும் முன்பின் பார்த்துக்கொண்டதில்லை. ‘மெஜுவ-ஜுவ’ என்று ஒரு வணக்கம் சொல்லி முடித்ததும் பெரியவர் கேட்டார்: “கை மெர்காந்து?”

உங்கள் குலம் எது என்று பொருள். லாரிக்காரர் தாரிகான் என்றார். தாயின் குலம்? கிந்திங். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் கிந்திங். தாயாருக்கு எந்த ஊர், கிந்திங்கில் எந்தக் கிளை, தாய்வழிப் பாட்டன் யார் என்று கேள்விகள் வரிசையாக வந்தன. ஓரிடத்தில் லாரிக்காரருக்குப் பாட்டியின் ஊர் நினைவுக்கு வராமல் போக, சதுரங்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, தனக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லி உதவினார். கடைசியில் முறை தெளிந்தது. பெரியவர் இவருக்கு மாமா. தாயின் உடன்பிறந்தான் ஸ்தானம்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குரல் ஒரு படி இறங்கியது. கடைக்காரப் பெண்ணைக் கூப்பிடாமல் தானே எழுந்து போய்ப் பெரியவருக்கு இன்னொரு காப்பி வாங்கி வந்து வைத்தார். பெரியவர் அதுவரை அளந்து பேசியவர், இப்போது மக்காச்சோளத்தை எந்த வியாபாரியிடம் போடக் கூடாது என்று உரிமையோடு அதட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர்கள் இரண்டு அந்நியர்கள்.

எனக்குப் பினாங்கில் பழகிய மலாய் தெரியும். காரோ மொழி தெரியாது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் தேவைப்பட்ட இடங்களில் மட்டும் காதருகே சொன்னார். மற்ற நேரம் கைகளையும் முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் அதுவே நிறையச் சொல்லும்.

காரோ மக்களுக்கு ஐந்து குலங்கள்: கிந்திங், காரோ-காரோ, பெராங்கின்-ஆங்கின், செம்பிரிங், தாரிகான். குலம் தந்தை வழியில் வருகிறது. பெண்ணானால் பெயருக்கு முன்னால் ‘பெரு’ என்று சேரும். கிந்திங் குலத்துப் பெண் பெரு கிந்திங். தாயின் குலத்தையும் ஒவ்வொருவரும் சேர்த்தே சுமக்கிறார்கள், அதற்கு ‘பெரே-பெரே’ என்று பெயர். இந்த இரண்டும் தெரியாமல் இரண்டு காரோக்கள் பேச்சைத் தொடர முடியாது. ‘காம்’ என்ற மரியாதைச் சொல்லா, ‘எங்கோ’ என்ற நெருக்கச் சொல்லா, கேலி செய்யலாமா, கூடாதா, முதலில் கையை யார் தட்டில் வைப்பது, எல்லாவற்றுக்கும் முறை தெரிந்தாக வேண்டும். அப்படி முறை கேட்டுப் பொருத்திக்கொள்வதை ‘எர்துதுர்’ என்கிறார்கள். ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தில் 1,200 மொழிகளுக்கு மேல் உண்டு. அதில் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் பேசும் இந்த ஒரு மொழியின் வாசற்படி இந்தக் கேள்விதான்.

தமிழ்க் காதுக்கு இதில் பல இடங்கள் பழகியவையாக இருக்கும். தாயின் சகோதரன் இங்கேயும் மாமா, அவர் மனைவி மாமி. மாமன் மகளை மணப்பது விரும்பத்தக்க உறவு, அவள் ‘இம்பால்’. நம்முடைய முறைப்பெண். ஆனால் நம் ஊர் வழக்கத்தை நினைத்துக்கொண்டு மேலே போனால் ஒரு சுவரில் முட்டுவோம். அத்தை மகளைக் காரோ ஆண் மணக்கவே கூடாது. பெண் கொடுத்த வீடு என்றைக்கும் உயர்ந்தது, அதற்குப் பெயர் ‘கலிம்புபு’. பெண் எடுத்த வீடு ‘அனாக் பெரு’, அது சேவை செய்யும் வீடு. அத்தை மகளை மணந்தால் இந்த ஓட்டம் தலைகீழாகிவிடும். நேற்று வரை என் வீட்டு அடுப்பை மூட்டியவர்கள் நாளை முதல் என் தலைக்கு மேலே உட்கார வேண்டிவரும். அதனால் தடை. கலிம்புபுவைக் கண்ணுக்குத் தெரியும் கடவுள் என்றே இவர்கள் சொல்கிறார்கள்.

பெராஸ்தாகி இங்கிருந்து பக்கம்தான். சந்தையை மேடான் நகரத்துப் பக்கத்தில் ‘பாஜாக்’ என்கிறார்கள். காரோவில் ‘திகா’, ஊர்ப் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெராஸ்தாகி பழச்சந்தையில் ஆரஞ்சும் மார்க்கிசாவும் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மேடானிலிருந்து கார்கள் வரும். வெற்றிலைக் கறை படிந்த வாயோடு, கன்னத்தில் புகையிலை உருண்டை ஒதுக்கிய ஒரு மூதாட்டி, மேடான்காரர்களிடம் தெளிவான இந்தோனேசிய மொழியில் பேரம் பேசினார். காசு கைக்கு வந்தது. நோட்டுகளை எண்ணும்போது உதடு மட்டும் அசைந்தது: சடா, டுவா, தெலு, எம்பாட், லிமா. எண்ணுவது மட்டும் காரோவில். இந்த லிமாவை மணிலாவிலும் ஹவாயிலும் கேட்கலாம். மடகாஸ்கரில் அது டிமி. படகில் போனவர்கள் கொண்டுபோன எண்கள்.

அவரைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மழை பற்றியோ உரவிலை பற்றியோ பேச்சு. முழுதும் புரியாவிட்டாலும் ‘கித்தா’ என்றும் ‘காமி’ என்றும் மாறி மாறி வந்ததைப் பிடித்துக்கொண்டேன். நாம், நாங்கள். கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்வது ஒன்று, விட்டுச் சொல்வது ஒன்று. தமிழனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஒரு பெண் தோட்டத்து நஷ்டத்தைக் ‘காமி’ என்று சொல்லத் தொடங்கினாள். மூதாட்டி ஏதோ கேட்டார். மூன்றாவது வாக்கியத்திலேயே அது ‘கித்தா’ ஆகிவிட்டது. நஷ்டம் இப்போது எல்லோருடையதும்.

காரோ மொழியை அதன் முழு உடையில் பார்க்க வேண்டுமானால் ‘ஜம்புர்’ என்னும் ஊர் மண்டபத்துக்குப் போக வேண்டும். நாற்புறமும் திறந்த பெரிய கொட்டகை. கல்யாணமும் சாவும் இங்கேதான். ஆசிரியரின் உறவில் ஒரு கல்யாணம். ஓரமாக ஒரு தூணடியில் இடம் கொடுத்தார்கள். நாற்காலி கிடையாது, நூற்றுக்கணக்கான பேர் பாயில். யார் எந்தப் பாயில் என்பதைப் பிறப்பும் மணமும் முன்பே முடிவு செய்திருக்கின்றன. கல்யாண வீட்டார் ஒரு பக்கம், பெண் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். பெண் எடுத்தவர்கள் பாயில் அதிகம் தென்படவில்லை. அவர்கள் பின்கட்டில் புகைக்கு நடுவே இருந்தார்கள். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர் மேடானில் வங்கி அதிகாரி என்று ஆசிரியர் சொன்னார். இன்றைக்கு அவர் அனாக் பெரு. பதவி ஜம்புருக்கு வெளியே நிற்கும்.

பெண்களின் தலையில் துணியை மடித்துக் கட்டிய ‘துடுங்’, தோளில் செந்நிறத் துணி, ‘உயிஸ் காரா’. இருபுறமும் பேச்சு தொடங்கியது. மாப்பிள்ளையின் தகப்பனும் பெண்ணின் தகப்பனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இவருக்காக இவருடைய அனாக் பெரு பேசினார். அவருக்காக அவருடைய அனாக் பெரு பதில் சொன்னார். சீரும் பணமும் மரியாதையும் அந்த இருவரின் வாய் வழியாகவே போய் வந்தன. கோபம் வரவேண்டிய இடத்தில் நடுவே இருப்பவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பாதியை மட்டும் கடத்துகிறார். எத்தனையோ சம்பந்தங்கள் நம் பக்கத்தில் முதல் பந்தியிலேயே முறிந்திருக்கின்றன, நேருக்கு நேர் வீசிய ஒரு சொல்லால். இந்த ஏற்பாட்டின் அறிவு எனக்குப் பிடித்திருந்தது.

பேசியவர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்ததும் கூட்டத்தில் தனி அமைதி. நேராக எதையும் சொல்லாமல் உவமையும் பழமொழியுமாகச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். ‘சாகாப் லுமாட்’, நயமாக மசித்த பேச்சு. சம்பந்தம் பேசவும், ஒரு காலத்தில் இளைஞர்கள் பெண்களிடம் மனதைச் சொல்லவும் பயன்பட்ட நடை. பெரியவர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தலையாட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த இளைஞர்கள் இருவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பள்ளியில் இந்தோனேசிய மொழி, தொலைபேசியில் இந்தோனேசிய மொழி, வேலைக்கும் அதுவே. மசித்த பேச்சை அவர்களுக்கு யார் எங்கே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்?

சாப்பாடு வந்தது. வாழ்நாளெல்லாம் நினைவில் நிற்கும் ஒரு காட்சியை அப்போதுதான் கண்டேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், எண்பதை ஒட்டிய ஒரு மூதாட்டி. இருவருக்கும் இடையே ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை. இலையில் மடித்த ‘சிம்பா’, அரிசிமாவும் தேங்காயும் வெல்லமும் சேர்ந்த பலகாரம், அந்த ஆணின் முன்னால் இல்லை. மூதாட்டி குழந்தையிடம் சொன்னார்: உன் அப்பாவுக்குச் சிம்பா வரவில்லை என்று அங்கே சொல். அவர் காதில் அது நன்றாக விழுந்தது. அவரும் குழந்தையைப் பார்த்தே பதில் சொன்னார்: பாட்டியிடம் சொல், எனக்குப் போதும், அவர்கள் முதலில் சாப்பிடட்டும். குழந்தை இரண்டு பக்கமும் திரும்பவில்லை. தன் சிம்பாவைத் தின்றுகொண்டிருந்தாள். சொல்லவேண்டியது சொல்லியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

மாமியாரும் மருமகனும். இருவரும் நேரடியாகப் பேசுவது ‘ரெபு’, விலக்கு. மாமனாருக்கும் மருமகளுக்கும் அப்படியே. இன்னொரு இணைக்கும் இந்த விலக்கு உண்டு: மனைவியின் சகோதரனுடைய மனைவி. தொடக் கூடாது, நடுவே ஒருவர் இல்லாமல் ஒரே பாயில் உட்காரக் கூடாது. பேச வேண்டியிருந்தால் மூன்றாவது ஆளிடம் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யாருமே இல்லாவிட்டால்? ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன். சுவரிடம் சொல்வார்கள் என்றார். சுவரே, மாட்டைக் கட்டியாகிவிட்டதா என்று மாமியார் கேட்பார். கட்டியாகிவிட்டது சுவரே என்று மருமகன் சொல்வார். தன் அம்மா அப்படிப் பேசியதை ஆசிரியர் சிறுவயதில் கேட்டிருக்கிறார். நம் பாட்டிமார்களும் மருமகன் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசியவர்கள்தாம்.

இதை முதலில் கேட்கிறவர்களுக்கு அடக்குமுறையாகத் தோன்றலாம். கபன்ஜாஹேயை அடுத்த லிங்கா கிராமத்தின் பழைய வீடுகளைப் பார்த்த பிறகு எனக்கு வேறு காரணம் தெரிந்தது. ‘சிவாலு ஜாபு’ என்பார்கள், எட்டுக் குடும்பங்களின் வீடு. உயர்ந்த கால்களின் மேல், கொம்பு வைத்த கூரையோடு நிற்கும். உள்ளே நடுவில் ஒரு நடைபாதை, இருபுறமும் குடும்பங்கள், பொது அடுப்புகள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே சுவர் கிடையாது. தூங்கும்போது ஒரு திரை, அவ்வளவுதான். மாமியாரும் மருமகனும், மாமனாரும் மருமகளும் ஒரே புகைக்குள் பிள்ளை பெற்று வளர்த்து வாழ்ந்திருக்கிறார்கள். மரத்தால் கட்டாத சுவரை அவர்கள் பேச்சில் கட்டிக்கொண்டார்கள். அந்த விலக்குக்குள் இருக்கும் கண்ணியத்தை, குழந்தையின் தலைக்கு மேலாகப் போய்வந்த அந்த இரண்டு வாக்கியங்களில் நான் கேட்டேன். மருமகனுக்குப் பலகாரம் வரவில்லை என்பதை மண்டபத்திலேயே கவனித்தவர் அந்த மாமியார் ஒருவர்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். ‘லன்டெக்’ என்பது துள்ளும் ஆட்டமல்ல. முழங்கால் மெல்ல மடிந்து நிமிர, விரல்கள் காற்றை வருடும். குழுக் குழுவாக முறைப்படி எழுந்து ஆடினார்கள். பாடகனும் பாடகியும் மைக்கைப் பிடித்து, ஆடுகிறவர்களின் குலத்தையும் உறவையும் அங்கேயே பாட்டில் கோத்துப் பாடினார்கள். முன்பெல்லாம் ‘சருனே’ என்னும் குழலும் இரண்டு சிறு மேளங்களும் இரண்டு சேகண்டிகளும். 1990களில் மின்விசைப்பலகை வந்தது. இன்று பெரும்பாலான கல்யாணங்களில் அது ஒன்றே மேளமும் குழலுமாக இருக்கிறது. எனக்குச் சருனேயின் கூர்மை வேண்டியிருந்தது. ஆனாலும் பாட்டின் சொற்கள் காரோவாகவே இருக்கின்றன, ஆடுகிறவர்களின் வரிசை மாறவில்லை. காரோப் பாட்டு என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் ஜாகா டெபாரி. செபெராயா ஊரில் 1922இல் பிறந்து 1963இல் மறைந்தவர். இந்தோனேசிய விடுதலைப் போரின் துப்பாக்கிச் சத்தத்தையும் பிரிவையும் காரோ மொழியில் பாட்டாக்கியவர். அவருடைய ‘பிசோ சுரித்’தை அன்று ஒரு பெண் பாடியபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

டெபாரி என்பது செம்பிரிங் குலத்தின் ஒரு கிளை. அந்தக் குலத்தின் மற்றக் கிளைப் பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, தெக்காங், பிராமணா, கெலிங். ஆசிரியர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோழ, பாண்டிய, மலையாள, பல்லவப் பெயர்களின் சாயல் இவற்றில் இருப்பதை அறிஞர்கள் வெகுகாலமாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். ‘ம்பிரிங்’ என்றால் காரோவில் கறுப்பு. சுமத்ராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறைமுகம். அதன் அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தமிழில். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வைத்தது. நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதை ஆராய்ந்து எழுதினார். கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிழக்கே மேடானை ஒட்டிய கோத்தா சீனாவில் சோழர் பாணிச் சிலைகள் கிடைத்திருக்கின்றன. செபெராயாவில் லாவ் பியாங் ஆற்றங்கரையில் செம்பிரிங் குலத்தார் முன்பு இறந்தவர்களை எரித்த மிச்சத்தைச் சிறு படகுகளில் வைத்து நீரில் விடும் ‘பெக்குவாலு’ சடங்கு நடத்திவந்தார்கள். காரோ மாதத்தின் 30 நாட்களுக்கும் தனிப் பெயர் உண்டு, தொடக்கம் ஆதித்யா, சுமா, ங்காரா, புடஹா, பெராஸ்பதி, சுகெரா.

இதையெல்லாம் வைத்து இவர்கள் நம்மவர்கள் என்று உரிமை கொண்டாடும் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்தவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர்களை எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் தங்கள் நாவில் வைத்திருந்தவர்கள் காரோக்கள். சோலியா என்பவர் ஒரு தாரிகானுக்கு மாமா, ஒரு கிந்திங்குக்கு மருமகன். வந்தவனையும் ஒரு முறைக்குள் உட்காரவைத்து உள்ளே எடுத்துக்கொண்டது இந்த மொழிதான். நாம் பெருமைப்பட வேண்டியது அந்த விருந்தோம்பலைப் பார்த்து.

பிறர் இந்த மொழியை எழுதிவைத்த கதைக்கு வேறு தொடக்கம். டெலி சமவெளியில் டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்கள் பரவியபோது காரோக்களின் நிலம் போயிற்று. புகையிலைக் கொட்டகைகள் இரவில் எரிந்தன. காரோக்களை அமைதிப்படுத்த மதபோதகர்கள் வந்தால் நல்லது என்று தோட்ட முதலாளிகளே பணம் கொடுக்க, 1890இல் புலு அவார் கிராமத்தில் முதல் போதகர் வந்து இறங்கினார். அந்தத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்க் கூலிகளும் கப்பலேறினார்கள். மேடானின் மாரியம்மன் கோயில் அவர்களுடையது. போதகர்களில் ஜூஸ்திரா 1907இல் காரோ அகராதி ஒன்றை வெளியிட்டார். நொய்மான் இலக்கணமும், 1951இல் வெளியான பெரிய அகராதியும் தந்தார். பணம் கொடுத்தவர்களின் நோக்கம் ஒன்று. மலையில் தங்கிக் காது கொடுத்துக் கேட்டவர்களிடமிருந்து கிடைத்தது மற்றொன்று. காரோக்களுக்கு அதற்கு முன்பே சொந்த எழுத்து இருந்தது. மூங்கிலில் கீறி எழுதிய ‘பிலாங்-பிலாங்’ என்னும் புலம்பல்கள் இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அநாதையான ஒருவன், காதல் கைகூடாத ஒருவன், புகையிலைக் குழாயின் மேல் தன் துக்கத்தைக் கீறியிருப்பான். அந்த எழுத்தைச் சரளமாக வாசிப்பவர்கள் இப்போது அரிது.

இந்த மேட்டுநிலத்தின் சினாபுங் எரிமலையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நானூறு ஆண்டுகள் உறங்கிக்கிடந்த அந்த மலை 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013 முதல் பல ஆண்டுகள் விடாமல் சீறியது. 2014 பிப்ரவரி 1 அன்று இறங்கிய நெருப்பு மேகத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிமாச்செம், பெகெரா, சுகாமெரியா ஆகிய மூன்று ஊர்களையும் சியோசார் என்ற புதிய இடத்துக்குப் பெயர்த்தார்கள். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி ஓடுகள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் பெண் போனது என்பதைக் காட்ட அந்த வரிசையில் ஒன்றும் இல்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதைப் பேச்சில் மீண்டும் வரைந்துகொண்டிருந்தார்கள். காரோவில் ஊருக்குக் ‘குத்தா’ என்று பெயர். அந்தப் பெண்கள் ‘குத்தா’ என்று சொல்லும்போதெல்லாம் சாம்பலுக்குள் போன பழைய ஊரையே குறித்தார்கள்.

ஞாயிறன்று கபன்ஜாஹே தேவாலயத்தில் காரோ மொழியில் பாட்டு, காரோ மொழியில் செபம். காரோ புரொட்டஸ்டன்ட் திருச்சபை 1941இல் தன்னாட்சி பெற்றது. பேச்சு மொழியை மேடையேற்றி, அச்சிட்டு, வாராவாரம் ஆயிரமாயிரம் குரல்களில் ஒலிக்கவைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மேடானில் இளைஞர்களுக்காக இந்தோனேசிய மொழியிலும் ஆராதனை நடக்கிறது. ஆசிரியரின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். அவருக்குக் கோபமில்லை, கவலை உண்டு. “என் பேத்திக்குக் காரோ புரிகிறது. பதில்தான் வரமாட்டேன் என்கிறது” என்றார். நகரத்தில் எல்லா ஆண்களும் ‘ஓம்’, எல்லாப் பெண்களும் ‘தந்தே’. மாமாவும் அந்த இரண்டெழுத்து, சித்தப்பாவும் அந்த இரண்டெழுத்து. யாரோடு கேலி, யாரிடம் அடக்கம், யாருக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்ற வேறுபாடுகள் அந்தச் சொற்களில் நிற்பதில்லை. அந்த வேறுபாடுகள் தேவைப்படாத வீட்டுக்குக் காரோவும் தேவைப்படாது. என் பயமும் அதுவே. அகராதியில் சொல் இருந்துவிடலாம். அந்தச் சொல்லால் கூப்பிடப்படுகிறவர் இல்லாமல் போனால் அது யாருடைய மொழி?

மேடானுக்குப் போகும் பேருந்து பெராஸ்தாகியைத் தாண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம். பெனதாப்பான் அருகே சுட்ட சோளக் கடைகள், பிறகு காடு. எனக்கு முன் இருக்கையில் ஒரு மாணவனும் மாணவியும். படிப்பு, தேர்வு, விடுதிச் செலவு, எல்லாம் இந்தோனேசிய மொழியில். அவர்களுக்கு முன்னால் துடுங் கட்டிய ஒரு பாட்டி, மடியில் முட்டைக்கோஸ் மூட்டை. சிபோலாங்கித் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டார்: நீ என்ன பெரு?

பெரு செம்பிரிங். பையன்? பெராங்கின்-ஆங்கின். அவன் தாய்? பையன் தயங்கினான், பிறகு சொன்னான்: பெரு செம்பிரிங்.

பாட்டி சிரித்த சிரிப்பில் நாலு வரிசைக்கு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இம்பால்! மாமன் மகள் முறை. பெண் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், காது சிவந்திருந்தது. இன்னொரு வரிசையிலிருந்து ஒருவர் எந்தச் செம்பிரிங் கிளை என்று விசாரித்தார். பாட்டி பையனை விடவில்லை. முறைப்பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டாயா என்றார். அவன் நெற்றியைச் சொறிந்துகொண்டு, அதுவரை பேசிய மொழியை விட்டுவிட்டு, திக்கித் திக்கிக் காரோவில் கேட்டான்: மாமாவுக்கு எந்த ஊர்? அவளுடைய தகப்பனைத்தான் மாமா என்றான். பார்த்தே இராத மனிதரை. அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அந்த ஊரில் எந்த வீடு என்று பாட்டி ஆரம்பித்தார். ஒரு உறவுச் சொல்லைப் பையன் தவறாகச் சொல்ல, பாட்டியும் பின்வரிசைக்காரரும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். அவன் மறுபடியும் சொன்னான், இந்த முறை சரியாக. பஞ்சூர் பாத்து தாண்டி, பாடாங் புலானில் அவர்கள் இறங்கும்வரை அந்தப் பேச்சு காரோவில்தான் நடந்தது. இறங்கும்போது முட்டைக்கோஸ் மூட்டையை அவன்தான் தூக்கினான்.